சிறைத்தட்டில் வளர்ந்த முளைப்பாரி

ஊறிய தட்டைப்பயறும் ஆட்டு எருவும் வைக்கோலும் கலந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. ஒன்பது நாளாக உள்ளறையைப் பூட்டி, வெளிச்சம் வராமல் சன்னலில் சாக்கு கட்டி, ஒரே ஒரு மண்சட்டியில் முளைப்பாரி வளர்க்கிறேன். இன்று சாயங்காலம் ஊர்வலம். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? நீ போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. இருந்தாலும் எழுதுவேன், யார் கேட்பது?

என் கதை உனக்குத் தெரியும். ஆனால் முழுசாகச் சொல்லப் பழக்கியவள் நீ என்பதால் மறுபடி சொல்கிறேன். வில்லாபுரத்தில் வாசலில் இட்லிக்கடை போட்டிருந்தேன். இட்லியோடு கஞ்சாவும் விற்றேன். பைக்கில் வந்து வாங்கிப்போன பையன்களின் முகங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விற்றிருக்க முடியாது. அந்த வருடம் தெரு அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம், போலீஸ் வரப்போவதாகத் தகவல் வந்தது. தெருப் பெண்கள் எல்லாருடைய முளைப்பாரியும் ஒரே வீட்டில் இருட்டறையில் இருந்தன. விரதம் இருக்கும் பெண்களைத் தவிர வேறு யாரும் அங்கே நுழையக்கூடாது. என்னைப் போன்ற கெட்டிக்காரிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? என் சட்டியில் எருவுக்கு அடியில் பொட்டலத்தைப் புதைத்தேன்.

பெண் போலீஸ் வந்து என் சட்டியைக் கண்டுபிடித்தது. மற்ற சட்டிகளிலும் இருக்கும் என்று இருபத்தொன்றையும் கவிழ்த்துப் பார்த்தது. வெளிறிய நாற்றுகள் தரையெல்லாம் கிடந்தன. பாண்டியம்மா அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக நேர்ந்து வைத்த சட்டியும் அதில் ஒன்று. அந்த வருடம் ஊர்வலமே இல்லை.

ஏழு வருடம் தீர்ப்பானது. கோர்ட்டிலும் ஜெயிலிலும் நான் ஒரே பாட்டைத்தான் பாடினேன்: வைத்தது என் புருசன், எனக்கு எதுவும் தெரியாது, அம்மன் ஆத்தா என்னை மாட்டிவிட்டாள். வக்கீல்கள்கூட அந்தப் பொய்யின் ஓட்டையைப் பார்க்கவில்லை. என்னோடு ஜெயிலில் இருந்த நீ பார்த்தாய். வண்டியூர்க்காரி, பஸ்ஸில் கஞ்சாப் பை கொண்டுபோய் மாட்டியவள், என்னைவிட ரெண்டு வயசு சின்னவள், முதல் நாளிலிருந்து என்னை மதினி என்று கூப்பிட்டவள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய்:

"ஆம்பள நொழையாத வீட்டுக்குள்ள ஒம்புருசன் எப்படி மதினி வச்சாரு?"

ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

அப்புறம் ஆடி வந்தது. சமையல்கட்டு வேலையில் இருந்த நீ, ஒரு பிடி பயறை ஊறவைத்து, அலுமினியத் தட்டில் மண் பரப்பி, அண்டாக்களுக்குப் பின்னால் ஈரச்சாக்கு மூடி வைத்தாய். என்னைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாய். என் கை பட்டால் முளைக்காது என்று விலகினேன். கையைப் பிடித்து இழுத்தாய்.

"பயறுக்கு ஒன் கேஸ் நம்பரு தெரியுமாக்கும்? தெளி."

நாலாம் நாள் வார்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். உனக்கே முகம் செத்துவிட்டது. அவர் சாக்கைப் பழையபடி மூடிவிட்டுப் போனார். தட்டு முழுக்க முளைத்தது. ஒன்பதாம் நாள் அதைப் பார்த்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நாந்தான்டி வச்சேன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஆறுதல் சொல்வாய் என்று பார்த்தால், "ம். சரி, கும்மியடிக்க வா" என்று எழுந்துவிட்டாய். எனக்குச் சாமி இருக்கிறது என்று பட்டது அன்றுதான். கோயிலில் இல்லை, கரிபிடித்த அண்டாவுக்குப் பின்னால்.

அடுத்த மழைக்காலம் காமாலை முற்றி உன்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். "வாரேன் மதினி" என்றாய். வரவில்லை. உன்மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் அதுதான்.

வெளியே வந்த பிறகு ரெண்டு திருவிழாவுக்குக் கோயில் வாசலில் தலைகுனிந்து நின்றேன். "சாமி கும்புட்டுக்கத்தா, யாரு வேணாங்குறா? முளைப்பாரி மட்டும் வேணாம்" என்றார் கோயில் பெரியவர். இந்த வருடம் திருவிழாவுக்காக ஊர் கூடிய கூட்டத்துக்கு எருவும் வைக்கோலும் போட்ட சட்டியோடு போனேன்.

"நாந்தான் வச்சேன். எம்புருசன் இல்ல. ஒங்க இருபத்தோரு சட்டியும் என்னாலதான் கவுந்துச்சு. அதுக்கு உள்ள இருந்துட்டு வந்துட்டேன். இன்னும் எம்புட்டு நாளைக்கு ஒதுங்கி நிக்கணும்? வேணாம்னா ஆத்தா சொல்லட்டும். இந்தா, கைய விட்டுப் பாத்துக்கங்க."

பாண்டியம்மா அக்கா வந்தார். வளையல்களை மேலே தள்ளிவிட்டு, எருவுக்குள் கையை விட்டு அடிமட்டம்வரை துழாவினார்.

"எருதான் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்க சட்டியோட வேணாம். ஒன் வீட்டுல வளத்துக்க. மொளைச்சா வரிசையில நில்லு. மொளைக்கலைன்னா இனி கேக்கக்கூடாது."

ஒத்துக்கொண்டேன். ஆத்தாவிடம் கெஞ்சவில்லை. "நான் உண்மையச் சொல்லிட்டேன், இனி ஒன் பாடு" என்று மட்டும் சொன்னேன்.

சட்டியில் வலப்பக்கம் உன் பங்குக்கு ஒரு பிடி, இடப்பக்கம் எனக்கு ஒரு பிடி போட்டேன். உன் பக்கம் ஒரு சாணுக்கு மேல் நிற்கிறது. என் பக்கம் நாலு விரல்கூட இல்லை. போன இடத்திலும் நீதான் முந்துகிறாய்.

காலையில் பாண்டியம்மா அக்கா பார்க்க வந்தார். குனிந்து ரெண்டு பக்கத்தையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மொளைச்சிருச்சுல்ல, வா. ஆனா நெட்டைப் பக்கத்த முன்னால வச்சுத் தூக்கு. குட்டை யாருக்கும் தெரியாது" என்றார். எனக்காக அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையாட்ட முடியவில்லை.

"வேணாங்க்கா. முளைப்பாரிச் சட்டியில ஒரு தடவ ஒளிச்சது போதும்."

"திமிரு மட்டும் கொறையலடி ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் திரும்பி, "எனக்குப் பின்னால நில்லு" என்றார்.

மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. மஞ்சள் சேலை கட்டியாயிற்று. குட்டைப் பக்கத்தை முன்னால் வைத்துத் தூக்கப்போகிறேன், வில்லாபுரமே பார்க்கட்டும். உன் பக்கம் என் பிடரிக்கு மேலே நிற்கும்.

வாரேன்டி.