சூர்யகலாவின் மெத்தை வீடு

14.2.2009

இன்று மறுபடியும் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்கு போல்ட் மாற்றினோம். போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை, உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிட்டது. தொட்டதும் கையோடு வருகிறது. இவர் மேலே உட்கார்ந்து முடுக்க, நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன். கண்ணெல்லாம் துரு. பிறகு வழக்கம்போலப் பழைய வலையைக் கூரைமேல் விரித்து நாலு மூலையிலும் மணல் மூட்டை கட்டினோம். காற்று தூக்காமல் இருக்க எங்கள் குப்பத்தில் எல்லாரும் செய்வதுதான்.

மேலே இருந்தபடியே இவர் சொன்னார்: "தம்பி மெத்தை வீடு கட்டப் போறானாமே, கான்கிரீட்டு தளம் போட்டு." ஏதோ இன்றைக்கு வாளை மீன் கிடைத்தது என்பதுபோல.

மாமனார் வீட்டைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் கொழுந்தன் இளவழகனும் அவன் பெண்டாட்டி சூர்யகலாவும். அவன் பஹ்ரைன் போட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடம். இந்தத் தெருவில் முதன்முதலில் கீற்றைப் பிரித்துச் சீட்டு போட்டது நான். அன்றைக்குத் தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. "வேணி வீட்டுல மழை சத்தம் மட்டும்தான் வரும், மழை வராது" என்று சொன்னார்கள். மூணு வருஷம், வெறும் மூணு வருஷம் என்னை நிம்மதியா இருக்க விட்டாங்களா?

எனக்குச் சந்தோஷம்தான். எழுதியே வைக்கிறேன்.

15.2.2009

சந்தோஷம் இல்லை.

3.3.2009

செங்கல் இறங்கியது. என் வாசலில்.

8.4.2009

சுவர் எழும்பிவிட்டது. சூர்யகலா பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக நின்று வேலை வாங்குகிறாள். "புருசன் இல்லாமலே இன்னா சாமர்த்தியம் பாரு" என்று தண்ணீர்க் குழாயில் பேச்சு. எனக்குப் புருசன் இருக்கிறார். அதுதான் என் சாமர்த்தியக் குறைவு போலிருக்கிறது.

இன்று கம்பத்தில் திருஷ்டி பொம்மை கட்டினார்கள். வைக்கோல் வயிறு, சட்டித் தலை, தொங்குகிற சிவப்பு நாக்கு. தெருவைப் பார்த்துக் கட்டலாம், கடலைப் பார்த்துக் கட்டலாம். சரியாக என் அடுப்படி ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். குழம்பு கொதிக்கும்போது நிமிர்ந்தால் அது முறைக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். யார் கண்? என் கண்ணா?

கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன். புகை.

19.5.2009

பலகை அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. நாளை மறுநாள் தளத்துக்குக் கான்கிரீட். ஹால் நடுவில் இரண்டு இரும்புக் கொக்கி விடச் சொல்லியிருக்கிறாளாம், தொட்டில் கட்ட. கல்யாணமாகி ஒன்பது வருடம், இன்னும் வயிறு திறக்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் உச்சுக்கொட்டவில்லை.

மத்தியானம் சொம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"அக்கா, நாக்குல வச்சுப் பாத்து சொல்லுங்க. சவுரிராயன் மேஸ்திரி நம்ம கெணத்துத் தண்ணியே போதுங்கறாரு. எனக்கு உப்புத் தெரியல. பொறந்ததுல இருந்து இதையே குடிச்சிக்கினு இருக்கறோம், இன்னாத்த தெரியும்?"

என் நைனாவும் இந்தக் கரையில் பிறந்தவர்தான். கடல் வேண்டாம் என்று திண்டிவனம் போய்க் கரணை பிடித்துக் கொத்தனார் ஆனவர். எந்த வீட்டிலும் கலவை போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். "நாக்குல கரிச்சா கம்பியத் தின்னும்" என்பார். உப்புத் தண்ணீரில் போட்ட தளம் வெளியே அழகாக இருக்கும், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, ஒரு நாள் பாளம் பாளமாக விழும். இதை நானே சூர்யகலாவிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அப்பன் பெருமை.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். கல்யாணமாகி வந்த அன்று கஞ்சியில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். திண்டிவனத்து நாக்குக்கு இன்றும் அது தெரிகிறது.

சொம்பைத் தொடவில்லை. எட்டிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான். ஊத்து" என்றேன்.

"சரிக்கா." சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

20.5.2009

இன்னும் நேரம் இருக்கிறது. பத்தடி நடந்தால் போதும். "வேணாம்டி, தண்ணி உப்பு, மரக்காணத்துல இருந்து கொண்டாந்து ஊத்து" — ஒரு வரி.

காலையில் போனேன். அவள் ஜல்லிக் குவியல்மேல் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். புதுச் சேலை. "வாங்கக்கா, மேல ஏறிப் பாருங்க, கடல் எப்பிடித் தெரியுதுன்னு" என்றாள். என் வீட்டில் இருந்து கடல் தெரியாது.

திரும்பி வந்துவிட்டேன்.

21.5.2009, திண்டிவனம்

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏதோ விசேஷம் என்று இவரிடம் பொய் சொன்னேன். இந்நேரம் தெருவே வரிசை கட்டிச் சட்டி கைமாற்றிக்கொண்டிருக்கும். மெஷின் சுற்றும். எல்லாருக்கும் கறிச்சோறு.

தம்பி பெண்டாட்டி கேட்கிறாள், "அண்ணிக்கு ஒடம்பு சரியில்லியா?"

நைனா படத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

24.5.2009

வந்தேன். தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். என்ன தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. செல்வி சொன்னாள், "அம்மா, சித்தி உனக்குன்னு கறி எடுத்து வச்சிருந்தாங்க. கெட்டுப்போச்சு."

11.11.2009

நல்ல மழை. அவள் மெத்தையின் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக என் சீட்டின்மேல் கொட்டுகிறது. தடதடவென்று, பேசினால் காது கேட்கவில்லை. இவரைச் சண்டைக்கு அனுப்பினேன். போனவர் அங்கே டீ குடித்துவிட்டு வந்தார். "பேஜாரு பண்ணாத, குழாயத் திருப்பி வைக்கிறேன்னுச்சு." உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

21.5.2010

ஒரு வருடம். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் தானாக மேலே போகிறது. கீறல் இல்லை. கீறல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறேனா, இருக்கக் கூடாது என்று பார்க்கிறேனா? சாமி சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

செல்வி படிப்பதற்கு அங்கேதான் போகிறாள். மாடியில் காற்று வருகிறதாம். சூர்யகலா அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். என் மகள் தலையில் அவள் வீட்டுக் கனகாம்பரம். பிடுங்கிப் போடலாம் என்று கை வந்தது. போடவில்லை.

"அந்தத் தளத்துக்குக் கீழ ஒக்காராதடி" என்றேன்.

"ஏம்மா?"

அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

1.1.2012

எழுத வேண்டும்.

முந்தாநாள் 'தானே' புயல் அடித்தது. கலெக்டர் ஆபீஸ் வண்டி வந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது. பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் சூர்யகலா வீட்டில், இருபது பேர் இருக்கும். இவர் போட்டைக் கட்டப் போய்விட்டார். நானும் செல்வியும் எங்கள் சீட்டுக்குக் கீழே.

விடியற்காலை சூர்யகலா நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினாள். "அக்கா, பிடிவாதம் பண்ணாதீங்க. நீங்க வராட்டியும் போவுது, செல்வியையாவது அனுப்புங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"அனுப்ப மாட்டேன்" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்த பார்வை! திமிர் என்று நினைத்திருப்பாள். திமிர் இல்லடி என் கண்ணு. அந்தத் தளம் உன் தலைமேல விழும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். எப்பிடி அனுப்புவேன்?

கால் மணி நேரம் இருக்கும். வலை முதலில் போனது. பிறகு போல்ட்டுகள், பட் பட்டென்று வரிசையாக. சீட்டு ஒன்று எழும்பி, உடைந்து, உள்ளே விழுந்தது. செல்விக்கு நெற்றியில் பட்டது. எவ்வளவு ரத்தம்.

அவளை இழுத்துக்கொண்டு எந்த வீட்டுக்கு ஓடினேன்? அந்த வீட்டுக்குத்தான்.

ஏழு தையல். கண்ணுக்கு மேலே ஒரு விரல் தள்ளி. கண் தப்பியது என்று டாக்டர் சொன்னார்.

6.1.2012

ஒரு வாரமாகச் சூர்யகலா வீட்டில்தான் இருக்கிறோம். அவள் கட்டிலில் செல்வி படுத்திருக்கிறாள். நான் தரையில் படுத்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்று பார்த்தேன். தொட்டில் கொக்கியைச் சுற்றி, பழுப்பு நிறத்தில், உள்ளங்கை அகலம். துரு.

கம்பி கரைய ஆரம்பித்துவிட்டது. கட்டிலை நகர்த்தினேன். "ஏம்மா நகத்தற?" என்றாள் செல்வி. சூர்யகலா தினமும் உட்காரும் இடம் அந்தக் கறைக்கு நேர் கீழே.

அவள் உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டு.

7.1.2012

சொல்லிவிட்டேன்.

செல்வி தூங்கியபின், அடுப்படியில். "இந்த வீட்ட விட்டு வெளிய வந்துடுடி. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். தண்ணி உப்பு. எனக்குப் பொறாமை. நீ மெத்தை கட்டுறது எனக்குப் பொறுக்கல" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அழவில்லை. அழுதால் நல்லவள் மாதிரி ஆகிவிடும்.

அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு நீங்க நாக்குல வைக்கவே இல்ல. பாத்துட்டு ஊத்துன்னீங்க. உங்க நைனா கதையை நூறு தரம் கேட்டவ நான். அப்பவே சந்தேகம். மணல் லாரி வந்துச்சு இல்ல, விக்கிரவாண்டி டிரைவரு, அவர்கிட்ட குடுத்து குடிச்சிப் பாக்கச் சொன்னேன். வாயில வச்சதும் தூன்னு துப்பிட்டாரு. நீங்க திண்டிவனம் கெளம்புனதும் மரக்காணத்துல இருந்து மூணு டிராக்டர் டேங்கு நல்ல தண்ணி எறக்குனேன்."

"அப்ப அந்தக் கறை?"

"கொக்கி துரு. வெளிய நீட்டிக்கினு இருக்கற இரும்பு, உப்புக்காத்துல துரு புடிக்காதா? ஒண்ணும் தொங்கல, யாரு தொடைக்கறது?"

இரண்டரை வருடம். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

இப்போதுதான் களைவதை நிறுத்தினாள். "பயந்துக்கினே கெடக்கட்டும்னுதான். ஒவ்வொரு தரமும் நீங்க அண்ணாந்து பாக்கறப்ப எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். உங்களுக்கு செல்வி இருக்கறா. எனக்கு இன்னா இருக்குது? இந்தச் சிரிப்பாவது இருக்கட்டும்னு வச்சிக்கினேன்."

பிறகு அவள்தான் அழுதாள், சட்டியில் கையை வைத்துக்கொண்டே. "நீங்க திமிருலதான் புள்ளைய அனுப்பலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இப்பதான் புரியுது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளை அனுப்பியிருப்பீங்க. அந்தத் தையல்ல பாதி என்னுதுக்கா."

ஏழு தையலைப் பாதியாகப் பிரித்தால் மூன்றரை. அந்த அரையை யார் எடுத்துக்கொள்வது?

8.1.2012

அவள் நல்லவளாகவே இருந்திருந்தால் நான் செத்திருப்பேன். அவளும் என்னைப்போலத்தான். நன்றாகத் தூங்கினேன்.

19.2.2012

சொந்தக் கூரைக்குத் திரும்பினோம். கீற்றுதான், மேலே வலை. செல்விக்குத் தழும்பு அழுத்தமாக நிற்கிறது. தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அந்தமாதிரி வாரிவிடுவது சூர்யகலாதான். எனக்கு வராது. பார்த்தேன், எரிந்தது. குறைவாக எரிந்தது என்று எழுத ஆசை. அவ்வளவே எரிந்தது.

2.6.2013

நாளை எங்கள் தளம். புயலில் வீடு போனவர்களுக்கு வந்த உதவியோடு, இவர் பழைய போட்டையும் விற்றுவிட்டார். அதே சவுரிராயன் மேஸ்திரி. இந்தத் தடவை அவர் தண்ணீர் பற்றி வாயே திறக்கவில்லை.

கொக்கி வேண்டுமா என்று கேட்டார். ஒன்று விடுங்கள் என்றேன். செல்விக்குப் பதினேழு, நாளைக்கே கல்யாணம் ஆகி, பிள்ளை பெற வந்தால்? சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்த்தேன். சூர்யகலா கேட்டிருப்பாள்.

சாயங்காலம் திருஷ்டி பொம்மையோடு வந்தாள். அவள் வீட்டில் கட்டிய அதே பொம்மை, பரணில் வைத்திருந்தாளாம், நாக்கு மட்டும் வெளுத்திருக்கிறது. இவர் ஏணி போட்டுத் தெருவைப் பார்த்துக் கட்டப் போனார்.

"தெருவுல யாரு இருக்கறாங்க மாமா? எங்க வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுங்க" என்றாள். "அக்கா வீட்டுக்கு இப்ப என் கண்ணுதான்."

இவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் அடுப்படி ஜன்னலைப் பார்க்கிறமாதிரியே கட்டச் சொன்னேன்.

3.6.2013

காலை ஆறு மணிக்கே டிராக்டர் டேங்கு வந்து நின்றது. ஆட்கள், சட்டி, மெஷின் எல்லாம் தயார். சூர்யகலா டேங்குக் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு என் வாசலில் விட்டுப்போன சொம்பு. நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, நாலு வருடமாக என் வீட்டில்தான் இருந்தது; அவளே என் அடுப்படியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"நாக்குல வச்சுப் பாத்து சொல்லுங்கக்கா."

வைத்துப் பார்த்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கரிக்கல" என்றேன். "ஊத்து."

அவள் சொம்பை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மெஷினை ஓட்டச் சொன்னாள்.