பத்திரமாக வந்து சேர்ந்த ஜாடி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டையில் இருக்கிறது. உன் சௌக்கியத்தை நீயே உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் என் குற்றம். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ பழம்பொருள் கடையில் தேடிப் பிடித்து அனுப்பிய நூறு வருடத்து நீலப்பூ ஜாடி பத்திரமாக வந்து சேர்ந்தது என்று போனில் சொன்னேனே, அது பச்சைப் பொய். பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே கலகலவென்று சத்தம். முப்பத்தொன்பது துண்டு, தூள் தனி. எப்படிம்மா இருக்கு என்று நீ ஆசையாய்க் கேட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அழகா இருக்குடி என்றுவிட்டேன். வீடியோவில் காட்டு என்றாய். அப்பா நாலு பெரிய துண்டுகளை டேப் போட்டு நிறுத்தி, முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தார். பின்னால் ஒன்றுமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோமே என்று முணுமுணுத்தார், ஆனால் கை ஆடாமல்தான் பிடித்தார்.

மனசு உறுத்தித்தான் ஒட்ட உட்கார்ந்தேன். நான் அவசரக்குடுக்கை என்று உனக்குத் தெரியாதா, கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டே போனேன். கடைசித் துண்டுக்கு இடம் இருந்தது, உள்ளே நுழைய வழிதான் இல்லை. மேல்வீட்டில் பல் செட் செய்கிறவர் இருக்கிறாரே, அவர் பார்த்துவிட்டு, பக்கத்துப் பல்லைப் பார்க்காம பல்லு வெச்சா வாய் மூடாதும்மா என்று சிரித்தார். எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டுப் பிரித்தேன். பிறகு ஜாடி ஆசையை விட்டுவிட்டு, உன் பழைய படிப்பு மேஜையின் மேல்பலகையில் துண்டுகளைப் பரப்பி ஒட்டி, இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் பூசினேன். ஜாடியில் பூக்களுக்கு நடுவே நேராகப் பறந்த பறவை இப்போது கழுத்தைத் திருப்பித் தன் வாலைப் பார்க்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு உடைந்த தட்டையும் காது போன கோப்பையையும் கொண்டுவந்து கொடுத்து, இதேபோல ஒட்டித் தரச் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றபின் பகலை எப்படி ஓட்டுவேன் என்று பயந்தேனே, இப்போது பகல் போதவில்லை. ஜாடி முழுசாக வந்திருந்தால் அலமாரிமேல் தூசி வாங்கிக்கொண்டிருக்கும், நானும் அதற்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பேன். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்டி.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் பசை சிந்தாமல் இருக்க அடியில் விரிக்கத் தாள் தேடினேன். ஜாடியைச் சுற்றி நீ கசக்கி வைத்த தாள்கள் பெட்டியிலேயே கிடந்தன. நீவி விரித்தால் உன் கையெழுத்து. அம்மா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவ்வளவுதான். அடுத்த தாளிலும் அதே வரி. மொத்தம் நாலு தாள், கடைசியில் மட்டும் கோபப்படாதே என்று கூடுதலாக ஒரு வார்த்தை. ஜாடி வந்த இந்த எட்டு மாதமாகப் போனில் எல்லாம் நல்லா இருக்கும்மா என்கிறாய். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு நாலையும் படித்துவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினார். வேலையோ, உடம்போ, மனசோ, யாரோ ஒருவரோ, எதுவானாலும் சரி. நேரே கேட்டால் மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அந்த வரிக்கு அடுத்த வரியை எழுதி அனுப்பு; தாள் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கோபமே இல்லாத உன் அம்மா