சத்தமில்லாத எக்ஸோஸ்

2025 மார்ச் 8, சனிக்கிழமை காலை ஒன்பது மணி, மலேசியாவின் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு வேலை முடிந்து வந்த மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். குணாளன் ஐஸ்பெட்டிக் கதவில் சீட்டை ஒட்டினான்.

“மோகனா, சோறு ஆக்கிட்டேன். மீன் கறிய மட்டும் சூடு பண்ணிக்க. நம்ம பிக்கப் வண்டிக்கு எக்ஸோஸ் புகைக்குழாய மாத்தினப்ப, மலிவுல இது ஒன்னுதான் இருக்குன்னு உன்கிட்ட சொன்னது பொய். அதே விலையில சத்தமில்லாததும் இருந்துச்சு. உறுமல் பிடிச்சுப் போய் நான்தான் இத எடுத்தேன். ஒரு வாரமா உன் பகல் தூக்கம் போச்சு. இன்னிக்கு மாத்திட்டு வர்றேன், மன்னிச்சிருலா.

பி.கு.: நீ முழிச்சுக்குவியேன்னு, எதுத்த வீட்டுத் தயாளன் அண்ணனும் நானும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம கேட் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறோம்.”

இருவரும் வியர்க்க வியர்க்கத் தள்ளினார்கள். கேட்டுக்கு வெளியே குணாளன் சாவியைத் திருகினான்; வண்டி உறுமியது. மூன்றாம் மாடியில் மோகனா சன்னலைத் திறந்தாள்.