உத்தரவுக்கு முன்னே வெடித்த துப்பாக்கி

புதுச்சேரி, 8-2-1958

அக்கா சொர்ணத்தின் திருப்பாதங்களுக்கு, இவ்வூர் ஆயுதச் சக்கரவர்த்தியான தம்பி தெய்வநாயகத்தின் வணக்கம். உன் மூட்டுவலி குறைந்ததா? என் உடம்புக்குச் சுகம்.

பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்குப் புது விசை பொருத்தினேன். ஈ உட்கார்ந்தாலே சுடும் என்று பெருமையடித்து, அளவுக்கு மேல் அராவிவிட்டேன். நேற்று ஒரு சிப்பாயின் அடக்கத்தில் மரியாதை வேட்டுக்காக, ஓய்வுபெற்ற பட்டாளத்துக் கிழவர் தனிஸ்லாஸ் அதைத் தூக்கினார். ஜெபத்தின் நடுவிலேயே வெடித்துவிட்டது. வெற்றுத் தோட்டாதான், ஆனாலும் எமனே காதைப் பொத்தியிருப்பான்.

வேட்டுக்கு உத்தரவிட நின்ற பிரெஞ்சு அதிகாரி ஏசினார். "என் கை நடுங்கிடுச்சுங்க முசியே" என்றார் தனிஸ்லாஸ். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. பிறகு தனிஸ்லாஸ் என்னிடம், "நீ பொழைக்க வந்தவன், பழி எம்மேலயே இருக்கட்டும், போ" என்றார்.

பிள்ளைகளிடம் மாமன் பீரங்கி செய்வதாகவே சொல்லி வை. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. திட்டியாவது நாலு வரி எழுது. அதிகாரியிடம் உண்மையைச் சொல்லக் கிளம்புகிறேன், இத்துடன் நிறுத்துகிறேன்.