என் ஊதுபத்தி மேல பழி

தம்பி,

அத்தை எழுதுறேன். நல்லா இருக்கியான்னு கேக்குற மனசு இப்ப எனக்கு இல்ல.

நீ எழுதின அறிக்கையைப் படிச்சேன். எங்க தெருத் தூசியில இருக்குற ஈயம் என் ஊதுபத்திப் புகையிலேர்ந்து வருதாம். காத்துல இருக்குற தூசியை உறிஞ்சுற மெஷினை என் மொட்டைமாடியில வெச்சது நீ. தினமும் அதுல தூசி படியுற தாளை மாத்தினது நான். நல்லது நடக்கட்டும்னு அதுக்கும் ரெண்டு ஊதுபத்தி காட்டினேன், அது புத்திகெட்ட வேலைதான். அதையே சாக்கா வெச்சுட்டியேடா.

"ஒவ்வொரு புகைக்கும் ஒரு அடையாளம் இருக்கு அத்தை, விறகுன்னா பொட்டாசியம், பழைய பேட்டரியை உருக்கினா ஈயம்"னு என் அடுக்களையில உக்காந்து சொன்னவன் யாரு? பின்தெருவுல பேட்டரி உருக்குறது யாருன்னு நான் எழுத மாட்டேன். உனக்குப் பொண்ணு குடுத்த மனுஷன்னு தெருவுக்கே தெரியும்.

என்னோட இருக்குற உன் தங்கச்சியோட மக ஆஸ்பத்திரியில கிடந்த அஞ்சு நாளும் எங்க வீடு பூட்டியிருந்துச்சு. வெளிப்படியில ஏறி தாளை மட்டும் மாத்திட்டு ஓடினேன். சாமிக்கு விளக்குகூட ஏத்தல, ஒரு ஊதுபத்தியும் கொளுத்தல. அந்த அஞ்சு தாளும் உன்கிட்டதான் இருக்கு. அதுல எவ்வளவு ஈயம்னு பாரு. பாத்துட்டு அறிக்கையைத் திருத்து.

குழந்தை ரத்தத்துல ஈயம்னு டாக்டர் சொன்னாரு. உன் தங்கச்சி உன் எழுத்தை நம்பி, வீட்டுப் புகை வெளிய போகட்டும்னு பின்தெருவைப் பாத்த ஜன்னலை நாள் பூரா திறந்து வெச்சிருக்கா. நான் சாத்தப் போனா, "அண்ணனைவிட உனக்குத் தெரியுமா"ன்னு மறுபடியும் திறந்து விடுறா.

இப்படிக்கு,
உன் அத்தை