குரலே அப்படி, சார்

ஜூலை 1, செவ்வாய்

சமுத்திரம் சாரிடமிருந்து இன்றும் ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டே இரைகிறது. "பிரிஸ்கிம்மா, பாட்டு நல்லாத்தான் வருது. ஆனா பழைய ரெக்கார்டு கணக்கா ஒரு கெட்டி இருக்கணும்லா? அது இல்ல."

கெட்டியாம். நான் பாட்டு மிக்ஸ் பண்ணுகிறேனா, சாம்பார் வைக்கிறேனா?

அவர் ரிட்டையரான தமிழ் வாத்தியார். ஆடிப்பூரத் தேருக்கு ஒரு பாட்டு எழுதி, அவரே மெட்டும் போட்டு, நாகஸ்வரம், தவில், பம்பை எல்லாம் பிடித்து வாசிக்க வைத்துவிட்டார். பாடியது தளவாய்புரம் சிவரஞ்சனி. அதையெல்லாம் கலந்து காதுக்குப் பதமாகக் கொடுக்க வேண்டியது நான். பஜாரில் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு நம் வீட்டு மாடிக்கே ஸ்டுடியோவைக் கொண்டுவந்த பிறகு முழுதாக ஒரு பாட்டு வருவது இதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் ஆட்டோவில் கட்டுகிற ஜவுளிக்கடை அறிவிப்பு. அதற்கு யாரும் கெட்டி கேட்டதில்லை.

சரி, சத்தத்தின் அடியையும் மேலையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூ பிளகின், அதிலும் பழைய பாணி ஒன்றை, கம்ப்யூட்டரில் இறக்கியிருக்கிறேன். நாளைக்குப் பார்ப்போம்.

ஜூலை 3, வியாழன்

இந்தப் பிளகினை வரைந்தவனை நேரில் பார்க்க வேண்டும். திரை முழுக்க அந்தக் காலத்து வால்வு மெஷின். பெரிய பெரிய நாப், தேய்ந்த எழுத்து, திருகாணியில் துரு. இல்லாத மெஷினுக்குத் துரு! அதற்கென்று ஒருவன் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான்.

புது ஈக்யூ என்றால் சத்தத்தின் கோடு திரையில் தெரியும், எங்கே வேண்டுமோ அங்கே பிடித்து இழுக்கலாம். இதில் ஒரு கோடும் கிடையாது. அடிப்பக்கத்துக் கனத்த சத்தத்துக்கு நாலே இடம். அதற்கு நடுவில் வேண்டும் என்றால்? போய் வா. கூட்ட ஒரு நாப், குறைக்க வேறொரு நாப், இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திருப்பச் சொல்கிறான். கூட்டிக் குறைத்தால் என்னடா மிஞ்சும் என்று திட்டிக்கொண்டே திருப்பினேன். மிஞ்சத்தான் செய்கிறது. தவிலில் கனத்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் தடித்தது, அதற்கு மேலே இருந்த கொழகொழப்பு மட்டும் போய்விட்டது. திட்டியதை வாபஸ் வாங்கினேன்.

சிவரஞ்சனியின் குரல்தான் தவிலுக்குப் பின்னால் போய்ப் போய் ஒளிகிறது. கூர்மையான சத்தத்துக்கான மேல்பக்க நாபை ஐயாயிரம் ஹெர்ட்ஸில் வைத்து ஏற்றினேன். எட்டிப் பார்த்தாள். இன்னும் ஏற்றினேன். முன்னால் வந்து நின்றாள். அப்பாடா.

ஜூலை 4, வெள்ளி

"கெட்டி வந்துருச்சும்மா. ஆனா குத்துது." எங்கே சார் குத்துது? "காதுலதான், வேறெங்க?"

ஜூலை 6, ஞாயிறு

சார் மறுபடி ஒரு வரியை மாற்றிவிட்டார். எழுதி முடித்த பாட்டை நோண்டாமல் அவரால் இருக்க முடியாது. சர்ச் முடிந்து வந்ததும் சிவரஞ்சனியை வரச் சொல்லி அந்த வரியை மட்டும் எடுத்தேன். பின்பக்கம் சங்கையா மாமாவின் ஷெட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓடாது. மற்ற நாளில் மைக் அந்தச் சத்தத்தையும் பிடித்துவிடும். அதனால் ஸ்பீக்கரை அணைத்து ஹெட்ஃபோனில் குரல் எடுப்பதெல்லாம் ஞாயிறு, மிக்ஸிங் எல்லாம் வாரநாள்.

இந்தப் பெண் பாட வந்தால் மாடிப்படி ஏறும்போதே பேச்சு கேட்கும். நைட்டி கம்பெனியில் தைக்கிறாள். மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன், அப்படியும் நிறைந்தது. "வடம்பிடிக்க வாங்கடி" என்று எடுத்தால் யாராவது எழுந்து போய் இழுக்கத்தான் வேண்டும். பாடி முடித்துவிட்டுக் கேட்கிறாள்: "அக்கா, தேரன்னைக்கு மைக்குல இதத்தான போடுவாக? கம்பெனில அம்புட்டுப் பேருட்டயும் சொல்லிட்டேன். சூப்பர்வைசர் அன்னைக்கு லீவே குடுத்துட்டாரு."

போடுவார்கள், போடுவார்கள். முதலில் இந்த மனிதர் ஓகே சொல்லட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் சார் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். ஹாலில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். பாட்டு ஆரம்பித்ததும் எனக்கே முகம் சுருங்கிவிட்டது. ச வருகிற இடமெல்லாம் ஊசி. என் அறையில் இப்படி இல்லவே இல்லை! தரையெல்லாம் டைல்ஸ் சார், எதிரொலிக்கும் என்றேன். பாயை விரித்தார். ஸ்பீக்கர் பழசு சார் என்றேன். பேரனுடைய புது ஸ்பீக்கரை எடுத்து வந்தார். அதிலும் ஊசி.

"எம்புட்டு நாளாச்சு? அந்தப் பழைய பொட்டியப் போட்டும் இப்படித்தானா?"

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "குரலே அப்படி, சார். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காபி வந்தது, குடித்தேன், பஸ் ஏறினேன். விட்டது தொல்லை என்றுதான் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

போன். "நீ சொன்னது சரிதாம்மா. எனக்கும் பட்டுது. கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒண்ணு இருக்கு, குரல் பஞ்சு மாதிரி. அவுக அப்பாட்ட பேசிட்டேன். நீ சிவரஞ்சனிட்ட பக்குவமாச் சொல்லிரு. நீங்க ரெண்டு பேரும் பொம்பளையாளுக, நான் சொன்னா நல்லாருக்காது."

நான் சொன்னால் மட்டும் நல்லாவா இருக்கும்? நான் குரலை மாற்றச் சொன்னேனா? குரல் அப்படி என்றுதானே சொன்னேன்.

அம்மா, "ஏட்டி, சோத்த வச்சுக்கிட்டு யாரத் திட்டுத?" என்று கேட்டாள். தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிட்டேன். உன் குரல் கொஞ்சம் கூர்மை, ஸ்பீக்கரில் போட்டால் குத்துகிறது, அதனால் சார் வேறு ஒரு பெண்ணை — என்று இழுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி தொண்டை அப்படி ஆயிருச்சு போலக்கா" என்றாள். "எங்க வீட்லயும் சொல்லத்தான் செய்றாக, மெதுவாப் பேசுட்டின்னு."

போனை வைத்துவிட்டாள். எப்போதும் "வைக்கட்டாக்கா" என்று மூன்று தடவையாவது கேட்பவள்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டரில் லேப்டாப்பும் ஸ்பீக்கரும் ஓடும். புதுப் பெண்ணுக்காகக் குரல் இல்லாத டிராக் ஒன்று எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாட்டைத் திறந்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். இன்னும் ப்ளே பண்ணவே இல்லை. ஒயரை மாற்றினேன். இன்வெர்ட்டரைத் திட்டினேன். லேப்டாப்பைத் தனியாக பேட்டரியில் ஓட்டினேன். அப்போதும் 'ம்ம்ம்'.

கடைசியில் பார்த்தால் அந்தப் பிளகின். பழைய மெஷினில் கரண்ட் இரையுமாம், அசல் மாதிரியே இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து வைத்திருக்கிறான். அதற்கு ஒரு சுவிட்ச், இறக்கிய நாளிலிருந்து ஆனில் கிடக்கிறது. ஊரில் கரண்டே இல்லை, என் ஸ்பீக்கரில் மட்டும் கரண்ட் இரைகிறது! சிரித்துக்கொண்டே அதை அணைத்தேன்.

அப்புறம்தான் சிரிப்பு நின்றது. இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?

தறி ஓடவில்லை.

பாட்டைப் போட்டேன். அதே ஸ்பீக்கர், அதே நாற்காலி. சார் வீட்டில் கேட்ட ஊசி, அப்படியே, என் அறையில்.

அட மண்டூகமே. மைக்குக்குத் தறிச் சத்தம் கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கத் தெரிகிறது, உன் காதும் அதே அறையில்தானே இருக்கிறது? இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்ததில் அது எனக்குச் சத்தமாகவே படவில்லை. தறியின் சடசடப்பு சிவரஞ்சனியை விழுங்க விழுங்க, நான் அந்த ஐயாயிரத்து நாபை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அவள் குரலில் ஊசியே இல்லை. ஊசியைச் சொருகியது நான். சொருகிவிட்டு, குரலே அப்படி சார்.

நேற்று அவளிடம் வேறு சொல்லித் தொலைச்சாச்சே.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா முனகிக்கொண்டே தனியாகப் போனாள். தறி நின்ற அமைதியில் எல்லா நாபையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். தவிலுக்கு அந்தக் கூட்டிக் குறைக்கிற வித்தை மட்டும் இருக்கட்டும். குரலுக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சார் வீடு. போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாருக்கே! பழைய பொட்டி இப்பத்தான் வேலை செய்யுது என்ன?" அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது, பொய் எதற்கு.

"குரல்லருந்து பொட்டிய எடுத்துட்டேன் சார். குத்துனது என்னாலதான். அவ குரல் மொதல்லருந்தே இதுதான்."

தறிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், "அந்தப் பிள்ளைட்ட இதச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "மொத அங்கல்லா போயிருக்கணும்" என்றார். கிருஷ்ணன்கோவில் பெண்ணின் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாரே என்றதற்கு, "அதுக்கென்ன, அதுக்குன்னு வேற ஒண்ணு எழுதிருதேன்" என்றார். எழுதச் சாக்குக் கிடைத்ததில் முகமே மலர்ந்துவிட்டது. கையோடு இந்தப் பாட்டிலும் கடைசிச் சரணத்தை மாற்றிக் கொடுத்தார். மனிதர் திருந்தமாட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

தளவாய்புரம் போனேன். கம்பெனி வாசலில் டீ நேரத்துக்குக் காத்திருந்தேன். சிவரஞ்சனி இன்னும் இரண்டு பெண்களோடு வந்தாள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: உன் குரலில் குறையில்லை, தப்பு என்னுடையது, கடைசிச் சரணம் மட்டும் புதிதாகப் பாட வேண்டும், வா.

"சரிக்கா, வாரேன்" என்றாள். அருகில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

கூட வந்தவள்தான் என்னை முறைத்தாள். "நாலு நாளா இவ இப்படித்தான் பேசுதா. ஏதாவது கேட்டா கையக் காட்டுதா."

ஜூலை 20, ஞாயிறு

வந்தாள். மைக்கை ஒட்டி நின்று, தொட்டில் பிள்ளை எழுந்துவிடும் என்கிற மாதிரி பாடினாள். "வடம்பிடிக்க வாங்கடி" என்றால் யாரும் வரமாட்டார்கள். இன்னும் சத்தமாக என்றேன். அரை அங்குலம் ஏறிற்று. தள்ளி நில் என்றேன், நின்றாள். கண்ணை மூடு என்றேன், மூடினாள். சொன்னதையெல்லாம் செய்கிறாள், குரல் மட்டும் வாய்க்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு வரி முடிந்ததும் கேட்கிறாள், "குத்துதாக்கா?"

மற்றச் சரணங்களோடு வைத்துப் பார்த்தால் வேறு யாரோ பாடியது போல் இருக்கிறது. மதியம் வரை எடுத்தோம். ஒன்றும் தேறவில்லை.

ஜூலை 21, திங்கள்

அவள் தொண்டையில் நான் சொருகிய ஊசியை உருவ எந்த பிளகினில் நாப் இருக்கிறது?

ஜூலை 24, வியாழன்

சார் போன். "தேர் திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழம வரப் பாப்பேன். இல்லன்னா அந்தச் சரணத்த வெட்டிட்டுப் போட்ரு. பழைய வரியப் போட்ராத, அது எனக்குப் பிடிக்கல." பிடிக்காதாம்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் மூன்று டேக்கும் போன வாரம் மாதிரியேதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "தயவு செய்து வாயைத் திறந்து பாடு சிவரஞ்சனி, உன் குரல்ல ஒண்ணுமில்லன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்திவிட்டேன்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"நீங்கதானக்கா குத்துதுன்னு சொன்னீக?" என்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "இப்ப இல்லன்னுதீக. நான் எதக் கேக்க? உங்க நாபு சரியில்லன்னா உங்க நாபத் திருப்பிக்கோங்க, என் தொண்டைய எதுக்குச் சொன்னீக? வீட்ல சாப்பாடு வேணும்னு கேக்கக்கூட வாயத் தொறக்கப் பயமாருக்கு எனக்கு! கம்பெனில சிரிக்கிறாளுக! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சரியாக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்லாக்கா!"

கடைசி வரிக்கு வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழேயிருந்து அம்மா, "மேல என்ன சண்ட?" என்று குரல் கொடுத்தாள். சிவரஞ்சனி சொன்னது எல்லாம் சரிதான். ஆமா, கேட்டிருக்கலாம் என்றேன். தப்புத்தான் என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போடுங்க" என்றாள், அதே குரலில்.

போட்டேன். அவள் எடுத்தாள். அளவு மீறினால் திரையில் சிவப்பு எரியும், எரிந்தால் உடனே நிறுத்தி லெவலைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும், அதுதான் முறை. முதல் வார்த்தையிலேயே எரிந்தது. கை நிறுத்தப் போயிற்று. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்துச் சரணம் முழுக்கப் பாடி முடித்தாள்.