பாதியில் நின்ற பேச்சு

6.11.2003, வியாழன். கம்பம்.

விடாத மழை. பிள்ளத் துணி ஒண்ணும் காயல. அடுப்புக்கு மேல கயிறு கட்டி அதுலதான் போட்டிருக்கு. பேறுகாலம் பாக்க வந்த மக வீட்டுல, செல்விக்குப் பூண்டுக் குழம்பு, சுடு ரசம். பேரன் ராத்திரி பூரா அழுக. பொறந்து பத்து நாள்தான், தொண்டை மட்டும் வெங்கல மணி.

சாயங்காலம் அல்லிநகரத்துல எங்க வீட்டுலருந்து போன். மருதமுத்து. தேவதானப்பட்டியில மாந்தோப்பு வச்சிருக்காரு, என் வீட்டுக்காரருக்குப் பல வருசத்துச் சிஷ்யர். (இனி ம.மு.தான், பேரு நீளம்.)

"அம்மா, வகுப்புல ஐயா பேசிக்கிட்டே இருந்தாக, பாதி வார்த்தையில மௌனத்துக்குப் போயிட்டாக. இன்னும் எந்திரிக்கல. மொகத்துல என்னா அமைதிங்கிறீக!"

இது இவுக பழைய வழக்கம். போஸ்ட் மாஸ்டர் வேலையில ரிட்டயர்டானதுலருந்து வியாழக்கெழமை வீட்டுல ஞான வகுப்பு. பேச்சைப் பாதியில நிறுத்திப்புடுவாக. மீதிய அவுகவுக உள்ளுக்குள்ள தேடணுமாம். அரை மணியோ ஒரு மணியோ, யாரும் வாயத் தொறக்கக் கூடாது, இவுகளத் தொடக் கூடாது. அடுப்படியில நான் கரண்டிய உருட்டுனாக்கூட மொறைப்பாக.

"பசிச்சா எந்திரிப்பாக, பொறுக்குற ஆளா"ன்னு சொல்லிச் சிரிச்சேன்.

7.11, வெள்ளி. கம்பம்.

தூறல். வாங்கணும்: வசம்பு, நல்லெண்ணெய், சோப்பு.

மறுபடி ம.மு. போன். இன்னும் மௌனம்தானாம். ராத்திரி சுவத்துல சாஞ்சபடியே. இளநி ஊட்டுனோம், பாதி வெளிய வந்திருச்சுங்கிறாரு. வகுப்புக்கு வர்ற சந்திரா டீச்சரு பள்ளிக்கொடத்துக்கு லீவு போட்டுட்டு வந்துட்டாகளாம். சேதி கேட்டு போடியிலருந்தும் ஆள் வருதாம். "ஐயா எட்டிட்டாகம்மா, எட்டிட்டாக!"

எதை எட்டுனாகளோ.

செல்வி: "ஏம்மா, அப்பாவ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

நான்: "வாயடிச்ச மனுசன் ரெண்டு நாளைக்குச் சும்மா இருக்கட்டும்டி. எனக்கும் நிம்மதி."

சொல்லிட்டேனே தவிர, ஊட்டுனோம்னாரே, அதுதான் ஒரு மாதிரியா இருக்கு. என் கையில கூட வாங்கித் திங்க மாட்டாக. காய்ச்சல்லயும் தானே எடுத்துத்தான் குடிப்பாக. சரி, பிள்ளையக் குளிப்பாட்டி விட்டுட்டு நாளைக்குக் காலையில கெளம்பணும்.

8.11, சனி. அல்லிநகரம்.

எழுதாம இருக்க முடியல. வேன் வரப்போகுது.

வாசல் பூராச் செருப்பு. சூடம் வாசம். இவுக கழுத்துல மாலை. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. எச்சி வழிய வழிய சந்திரா டீச்சரு துண்டால ஒத்தி எடுக்குறாக, பக்தியா. வலது கை மடியில செத்துக் கெடக்கு, அதுல விரல் ரெண்டையும் சேத்துச் சின்முத்திரை. பிரிஞ்சு பிரிஞ்சு போச்சாம். ம.மு.தான் சேத்துச் சேத்து வச்சாராம். வேட்டி நனைஞ்சு நாறுது. அத மாத்தக்கூட ஒருத்தருக்கும் தோணல. தொடக் கூடாதில்ல!

கண்ணு மட்டும் என்னயப் பாத்ததும் ஓடி வந்துச்சு. அமைதியாவது மண்ணாவது. பயம். ரெண்டு நாளா மனுசன் பயந்துபோய் உக்காந்திருக்காக, சுத்தி இத்தன பேரு கும்புட்டுக்கிட்டு இருந்திருக்காக.

"அடப் பாவிகளா, இது பக்கவாதம்! வேன் புடிங்க!"

ம.மு. குறுக்க வந்தாரு. "அம்மா, மௌனத்தக் கலைக்கக் கூடாதுன்னு ஐயாதான..."

"வாய் இருந்துச்சு, சொன்னாக. இப்ப நான் சொல்றேன். தூக்குய்யா."

வேட்டிய மாத்திவிட்டேன். வேன் வந்திருச்சு.

10.11, திங்கள். மதுரை ஆசுபத்திரி.

டாக்டர் சின்ன வயசு. எப்ப ஆச்சுன்னு கேட்டாரு. வியாழக்கெழமை சாயங்காலம்னேன். பேனாவக் கீழ வச்சுட்டாரு. "அன்னிக்கே கொண்டு வந்திருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்மா. நாம பேசுறது அவருக்குப் புரியும். பேச்சு திரும்புறது கஷ்டம்."

வேணும்: ப்ளாஸ்க், பழைய வேட்டி நாலு, ரப்பர் ஷீட்.

ம.மு. ஊருக்குப் போகல, வராண்டாவுலயே கெடக்காரு. டீ வாங்கியாந்து நீட்டுனாரு. நான் வாங்கல. அங்கனயே வச்சிட்டுப் போனாரு, ஆறிப்போச்சு.

14.11, வெள்ளி. மதுரை.

தூக்கம் இல்ல. பக்கத்துக் கட்டில் அம்மா: "ஒங்க வீட்டுக்காரரு சாமியாராமே? ஜெபிச்சுச் சரி பண்ணிக்கிறக் கூடாதா?" திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

இவுக எப்பிடிச் சொல்லிக் குடுப்பாகன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். வகுப்புல நான் உக்காந்ததே இல்ல, எல்லாம் காதுல விழுந்ததுதான். புஸ்தகத்துல உள்ளதச் சொன்னா ஒத்துக்கிற மாட்டாக. "ஒன் தோப்புலருந்து சொல்லுய்யா"ம்பாக. ஒருநா ம.மு., "காய் விழுந்தாலும் மரம் நிக்கிதுய்யா"ன்னாரு. "மரமும் ஒருநா விழும்ல?" "விழும்யா." "அப்ப எதுய்யா நிக்கிது?" அந்த ஆளு ரெண்டு வாரம் வகுப்புக்கே வரல. மூணாவது வாரம் வந்து, "தெரியலய்யா"ன்னு அழுதாரு. இவுகளுக்கு அன்னிக்குத்தான் அப்பிடி ஒரு சந்தோசம். "தெரியலன்னு தெரிஞ்சிருச்சில்ல, உக்காரு"ன்னாக.

அந்த வாயி. எனக்கு அந்த வாய்தான் வேணும். ஞானத்தச் சிஷ்யருகளே எடுத்துக்கிறட்டும். "ஏட்டி, காப்பி"ன்னு ஒரு வார்த்த போதும் எனக்கு.

27.11, வியாழன். அல்லிநகரம்.

வெயில். மெத்தையக் காயப் போட்டேன். காலையில கஞ்சி, பாதி உள்ள, பாதி துண்டுல. வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு.

சாயங்காலம் வந்துட்டாக, வகுப்பு நேரத்துக்கு, எப்பவும் போல. ம.மு., டீச்சரு, இன்னும் ஏழெட்டுப் பேரு. கேட்டுக் கதவ மறிச்சு நின்னுட்டேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீக? கும்புட்டுக் கும்புட்டே ஊமையாக்கினது பத்தலையா?"

உள்ளருந்து டொக் டொக்னு சத்தம். இவுக எடது கையால கட்டில அடிக்கிறாக. நிறுத்தவே இல்ல. வேற வழியில்லாம தொறந்துவிட்டேன்.

எல்லாரும் கீழ உக்காந்தாக. இவுக பேசப் பாத்தாக. "ஆ... வ்வா... ஆ..." அவ்வளவுதான். உடனே டீச்சரு கண்ண மூடிக் கையக் குவிச்சாக. அடுத்தடுத்து எல்லாரும். ம.மு.வும்! எனக்கு வெளக்குமாத்த எடுக்கலாமான்னு வந்துச்சு.

இவுகளுக்கு மொகம் செவந்து போச்சு. மறுபடி கட்டில ஓங்கி அடிச்சாக. எல்லாரும் கண்ணத் தொறந்தாக. எடது கையால வலது கையத் தூக்கிக் காட்டிட்டு விட்டாக. பொத்துனு விழுந்துச்சு. மறுபடி தூக்கி, மறுபடி விட்டாக. ம.மு.வக் கிட்டக் கூப்புட்டாக. அவரு கையப் புடிச்சுக் கோணுன கன்னத்துல வச்சு, அப்பிடியே இழுத்து, எச்சி ஒழுகுற வாயோரத்துல அழுத்திப் புடிச்சுக்கிட்டாக. கண்ண எடுக்காம அவரையே பாத்தாக.

ம.மு. சொன்னாரு. "வியாதி. இது வியாதிய்யா. ஐயாவுக்கு ஒடம்புக்கு முடியல."

இவுக தலைய ஆட்டுனாக. ஆட்டிக்கிட்டே அழுதாக. ம.மு. கட்டில்ல தலைய வச்சு, பிள்ள கணக்கா ஏங்கி ஏங்கி அழுதாரு. இவுக அவரு தலையத் தடவிக் குடுத்தாக. டீச்சரு எந்திரிச்சுப் போயி நல்ல துண்டு ஒண்ணு எடுத்தாந்து வாயத் தொடைச்சாக, இப்ப பக்தியில்லாம, நோயாளிக்குத் தொடைக்கிற மாதிரி.

எனக்குத்தான் ஆறல. கதவோரமா நின்னுக்கிட்டு ஒவ்வொரு மூஞ்சியா மொறைச்சேன்.

அப்பறம் இவுக கை என் பக்கமா நீண்டுச்சு. போனேன். என் கையையும் புடிச்சு, அதே வாயோரத்துல வச்சாக. அதே பார்வ.

அன்னிக்குப் போன்ல சிரிச்சேனே, அது இவுகளுக்கு யாரு சொல்லியிருப்பா? இல்ல சும்மாதான் புடிச்சாகளா? கேக்கணும். கேட்டா இவுகளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வாயில்ல.